ஊர் கடலில் இறங்காத நாட்கள்

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. பாம்பனுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. சித்திரையில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்காற்று அடிக்கும். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் கண்மாய் மாதிரி அசையாமல் கிடக்கும். வாடை திரும்பிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும். திரும்புகிற நாளை நான் ஆண்டுதோறும் குறித்து வைக்கிறேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. பழைய மாவட்ட விவர நூல்கள், மாலுமிகள் எழுதி வைத்த பயணக் குறிப்புகள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் படித்துப் படித்து வந்த பழக்கம் அது. தேதியோடு சொல்லாத எதையும் என் மனம் நம்புவதில்லை.

நான் சொல்லப்போகும் வருஷத்தில் வாடை தாமதமாக, ஐப்பசி முடிகிற வாரத்தில்தான் திரும்பியது. அதற்கேற்ப நாங்கள் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகுகளை வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குக் கொண்டுவந்திருந்தோம். கார்த்திகை இரண்டாவது வியாழக்கிழமை, மதுரையிலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து எங்கள் முகாமுக்கு வந்துகொண்டிருந்தது. விடியும்போதே பக்கத்து மீனவ ஊரின் மாதா கோயில் மணி நிற்காமல் அடித்தது. பூசைக்கு அடிக்கும் மணி அப்படி அடிக்காது.

அதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே புரியாது. என் உறவினர்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவன். உப்பூர்க் கடற்கரை எங்களுக்குப் பேருந்தில் போகிற தூரம்தான். ஆனாலும் அமாவாசைக்கு முழுக்குப் போடப் போவதைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் கடலில் கால் வைத்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் வெளிப்புறக் கல்வி என்ற பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து மலைக்கும் காட்டுக்கும் கடலுக்கும் அழைத்துப் போய், நடக்கவும் ஏறவும் துடுப்புப் போடவும் வைத்து, அதன் வழியாகப் பாடமும் துணிவும் கற்றுத்தருவது. அதற்குத்தான் அந்தப் படிப்பு. சேர்ந்த செய்தி தெரிந்ததும் என் தாய்மாமா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏலே, புள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போறதுக்குப் பட்டம் குடுக்குறாகளா? அப்ப நம்ம ஊருல ஆடு மேய்க்கிறவன் பூரா டாக்டரு."

அய்யா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்று கேட்டார். "மழை வந்தா காலேஜ் லீவா?"

மழை வந்தால்தான் அங்கே பாடமே என்று சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் என் பெயருக்குப் பின்னால் அவர் பட்டத்தைப் போடாமல் விட்டுவிட்டார். கேட்டதற்கு, போட்டால் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் நான் விசாரித்து வைத்திருக்கிறேன். என்னோடு படித்த ஒருவன் பெங்களூரில் ஒரு விடுதியில் இருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைச் சனிக்கிழமைகளில் கயிற்றில் தொங்கவிட்டு, அவர்களுக்குள் ஒற்றுமை வளர்க்கிறான். ஒருத்தி வடக்கே ஒரு பெரிய பள்ளியில் மலையேற்ற ஆசிரியை. எங்கள் எல்லோரிலும் நன்றாக இருப்பவள் அவள்தான். ஒருவன் கோவாக் கடற்கரையில் உயிர்காப்பாளன். ஒருவன் கூடாரமும் முதுகுப்பையும் விற்கிறான். இரண்டு பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள், வீட்டுக்குள் உட்கார்ந்து.

நான் சில வருஷம் மலையில் வேலை பார்த்துவிட்டு, சொந்த மாவட்டத்திலேயே ஒரு முகாம் திறக்கிறார்கள் என்று தெரிந்ததும் வந்துவிட்டேன். மண்டபத்துக்கு மேற்கே, தெற்குக் கரையில், கத்தோலிக்க மீனவர்கள் வாழும் ஊரை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. அதில் கூரைக் கொட்டகைகள், சமையற்கட்டு, கயாக் வைக்கும் தகரக் கொட்டகை. முதலாளி சென்னையில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார், நல்ல மனிதர். நான் தலைமைப் பயிற்றுநர். எனக்குக் கீழே ஒரே ஒரு பயிற்றுநர். அந்த ஊர்ப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஊரடங்கு முடிந்து கல்லூரிகள் திறந்தபோது, நான் படித்த அதே கல்லூரியில் அதே படிப்பில் சேர்ந்தவள். அவளைச் சேர்த்துவிட்டதில் என் பங்கும் இருந்தது. அவள் அப்பாவிடம் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு என்று சொன்னவன் நான். வேலை என்றால் நிரந்தர வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் அவளுக்குத் தற்காலிகப் பணிக்காலம் முடிகிற கட்டம். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்து அவளை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று சொல்வதாக இருந்தது. வேறு ஒருவனின் விண்ணப்பமும் அவரிடம் இருந்தது. என் பங்குக்கு, அவளைவிடக் கடல் தெரிந்த ஆள் கிடைக்காது என்று சொல்லியிருந்தேன்.

மணி அடித்த காரணத்தை அவள்தான் ஓடிவந்து சொன்னாள். நண்டு வலைக்குப் போன வல்லம், சின்ன நாட்டுப்படகு ஒன்று, கரைக்கு எதிரே இருக்கும் தீவுக்கு இந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது. அதில் போனவர்கள் ஒருவருக்கொருவர் மச்சான் முறையான இருவர். ஒருவரை வேறொரு வல்லக்காரர்கள் தூக்கிவந்துவிட்டார்கள், இன்னொருவரைக் காணவில்லை. காணாமல் போனவர் அவளுக்குச் சித்தப்பா முறை.

"நா போறேண்ணே. பஸ்ஸு வந்தா நீங்க பாத்துக்கங்க."

பேருந்து வந்தது. பிள்ளைகள் இறங்கிக் கடலைப் பார்த்ததும் போட்ட சத்தத்தில் தோப்பில் இருந்த காக்கைகள் எழும்பின. அவர்கள் காலைச் சாப்பாட்டில் இருக்கும்போதே ஊர்த் தலைவர் இன்னும் சிலரோடு வந்தார். சட்டை நனைந்திருந்தது. கடலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"தம்பி, ஆளு கெடைக்கிற வரைக்கும் இந்தத் தண்ணியில யாரும் எறங்கக் கூடாது. ஊருல ஒருத்தனும் வலை விட மாட்டான். எல்லா வல்லமும் தேடத்தான் போகுது. ஒங்களுக்கும் அதுதான்."

"சரிண்ணே. நாங்க எறங்கல."

"புள்ளைக சிரிக்கிறது அங்கன அவுக வீடு வரைக்கும் கேக்குது." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "ஒண்ணும் சொல்லாதீக. சிரிக்கிற வயசு. கரையில மட்டும் விடாதீக."

முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஊருக்காக வருந்தினார். பிறகு, "அப்ப வடக்குக் கரைக்குக் கொண்டு போயிடுங்க. அது வேற கடல்தானே" என்றார்.

அது வேறு கடல்தான். ஆனால் அது வாடைக் காலம். வடக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நுரை தள்ளிக்கொண்டு பழுப்பாக வந்து கரையில் அறைந்தது. விசைப்படகுகளே கரையோடு கட்டிக்கிடந்தன. அந்தத் தண்ணீரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இறக்க முடியாது. வடக்கில் காற்று விடவில்லை, தெற்கில் துக்கம் விடவில்லை. நான் படித்த மூன்று வருஷத்தில் ஆபத்தை மதிப்பிடுவது பற்றி எத்தனையோ தாள்கள் எழுதியிருக்கிறேன். காற்று, நீரோட்டம், வெப்பம், பூச்சிக்கடி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பக்கத்து வீட்டு இழவுக்கு இல்லை.

திரும்பி வந்தபோது பிள்ளைகளோடு வந்திருந்த பி.டி. மாஸ்டர் தோப்பு வாசலில் நின்றார்.

"என்ன சார், அந்தக் கடலும் லீவா?"

"காத்து அதிகம் சார். எறக்க முடியாது. கயித்துல முடிச்சுப் போடச் சொல்லித்தர்றேன்."

"அப்ப ராமேஸ்வரம் பக்கம் வந்து, கடல்ல எறங்காம, கயித்துல முடிச்சுப் போடப் படிச்சிட்டுப் போறோம். பேரண்ட்ஸ்ட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"ஒருத்தரைக் காணலைன்னு சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு அவரே பிள்ளைகளை மரநிழலில் உட்கார வைத்துவிட்டு, சத்தம் போட்டவர்களை அதட்டினார். கயிறுகளை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சுகள் போட்டார்கள். எங்கள் படிப்பில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, என்ன நடந்தது, என்ன தோன்றியது, இதிலிருந்து என்ன எடுத்துப் போகிறாய் என்று கேட்கச் சொல்லித்தந்திருந்தார்கள். அன்று நான் வட்டம் போடவில்லை. ஒரு பெண்பிள்ளை தானாக எழுந்து கேட்டாள்.

"சார், அவங்க லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாங்களா?"

"இல்லம்மா."

"ஏன்? எங்களுக்கு முட்டளவு தண்ணிக்கே போடணும்னு சொன்னீங்களே."

வலை இழுக்கும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

மதியத்துக்கு மேல் கடல் வற்றியது. அந்த நேரத்தில்தான் எங்கள் பயிற்றுநர்ப் பெண் திரும்பி வந்தாள், ஊர் இளைஞர்கள் சிலரோடு. கவிழ்ந்த இடத்துக்கும் தீவுக்கும் நடுவில் நீளமாகப் பவளத் திட்டு கிடக்கிறது. அதை அவர்கள் பார் என்பார்கள். நீர் வற்றினால் பாரின்மேல் வல்லம் போகாது, அடி தட்டும். நடந்தும் போக முடியாது, காலைக் கிழிக்கும். ஒருவேளை அவர் பாரில் ஏறி ஒதுங்கியிருக்கலாம், அல்லது உடல் அங்கே தங்கியிருக்கலாம். அவள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் போதும்.

"கயாக்கு வேணும்ணே."

முதலாளியை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இன்சூரன்ஸ் நிகழ்ச்சிக்கு மட்டும்தான். தேடுறதுக்குக் கடலோரக் காவல் இருக்கு. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கே ஏதாவது ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது? கொடுக்க வேணாம்."

"சார், அவளுக்குச் சித்தப்பா."

"அதனாலதான் சொல்றேன். சொந்தக்காரங்க தேடப் போனா நிதானம் இருக்காது. நீங்களே படிச்சதுதானே? அவ எடுத்தா வேலையைப் பத்தி ஞாயித்துக்கிழமை பேச வேண்டியதே இல்ல. அவகிட்ட சொல்லிடுங்க."

அவர் சொன்னது தவறில்லை. சொந்தக்காரர்களை மீட்புக் குழுவில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பாடத்தில் இருந்தது. நானும் அதைப் படித்திருந்தேன், அவளும் படித்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தகரக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சாவி எங்கண்ணே?"

"கேட்டேல்ல, அவர் சொன்னதை?"

"கேட்டேன். சாவி எங்க?"

என் சட்டைப்பையில் இருந்தது. கொடுத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வேறொன்றும் தோன்றவில்லை. தோன்றாததாலேயே அது சரி என்றும் சொல்லத் தெரியவில்லை.

அவள் கயாக்குகளை இழுத்துப் போட்டாள். வந்திருந்தவர்களிடம் லைஃப் ஜாக்கெட்டுகளை வீசினாள். ஒருவன் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான்.

"கடல்லயே கெடக்குறவனுக்கு இதென்ன, சின்னப்புள்ளச் சட்டை."

"போடலேன்னா ஏறாத."

"ஏட்டி, நா ஒனக்கு நீச்சப் பழக்கிவிட்டவன்."

"அதான் சொல்றேன். போடு. வாரை இறுக்கு. இங்கன நாஞ் சொல்றதுதான்."

அவன் போட்டான். எல்லோரும் போட்டார்கள். கல்லூரியில் கற்ற மாதிரியே அவர்களை ஒரே வரிசையில் இடைவெளி விட்டு நிறுத்தி, பார்வைக்கு எட்டாமல் யாரும் போகக் கூடாது என்று சொல்லி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் கரையில் இருக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் என் பொறுப்பு. அவர்களும் எழுந்து வந்து தோப்பு வேலியோரம் நின்றார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கயாக்குகள் ஒரே கோட்டில் பாரை நோக்கிப் போயின. தெரியாதவன் பார்த்தால் ஏதோ விளையாட்டுப் போட்டி என்று நினைப்பான். ஊர்ப் பெண்கள் கோயிலடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனவரின் மனைவியும் அவர்களில் இருந்தார். யார் அவர் என்று எனக்கு யாரும் காட்டித்தரத் தேவைப்படவில்லை. மற்ற எல்லோரும் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள்.

பொழுது சாய்வதற்குள் திரும்பினார்கள். வல்லத்தின் ஒரு துடுப்பும் ஒரு பிளாஸ்டிக் கேனும் கிடைத்திருந்தன. வெள்ளிக்கிழமையும் நீர் வற்றிய நேரமெல்லாம் போனார்கள். அன்று மாலை பள்ளிப் பேருந்து கிளம்பியது. பிள்ளைகள் ஒருவர்கூடக் கடலில் நனையாமல் போனார்கள். பி.டி. மாஸ்டர் ஏறும்போது என் கையைப் பிடித்து, "கெடைச்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை மேற்கே அடுத்த ஊரில் கடல்பாசி எடுக்கப் போன பெண்கள் உடலைப் பார்த்தார்கள். பாரிலிருந்து வெகுதூரம். கயாக்குகள் போன பக்கமே இல்லை. பி.டி. மாஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். அன்றே அடக்கம் நடந்தது. ஊர் மறுபடி கடலுக்குப் போகலாம் என்று தலைவர் சொன்னார். எங்களுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். முதலில் துக்க வீட்டுக்குப் போய்விட்டுத்தான் முகாமுக்கு வந்தார். கயாக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இரண்டின் அடியில் பார் கீறியிருந்தது.

"சாவி கொடுத்தது நான் சார்" என்றேன்.

"தெரியும். நீங்க இல்லேன்னா இந்த முகாமுக்கு அனுமதியே இல்ல, உங்க சான்றிதழ்லதான் நடக்குது. அதனால உங்களை நான் ஒண்ணும் சொல்ல முடியாது." கீறல் விழுந்த கயாக்கைத் திருப்பி வைத்துவிட்டு, "அவளைத்தான் சொல்ல முடியும்" என்றார்.

ஊர்த் தலைவர் வந்து அவளுக்காகப் பேசினார். கயாக் தந்ததற்கு நன்றி சொன்னார், அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள் என்றார். முதலாளி எழுந்து நின்று அவர் பேச்சை மதிப்போடு கேட்டார். கேட்டுவிட்டு, "அண்ணே, அடுத்த தடவை இதே மாதிரி நடந்தா அவ இதே மாதிரிதான் செய்வா. இல்லேன்னு சொல்லுங்க, இப்பவே வேலை தர்றேன்" என்றார். தலைவர் அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று மாலை, நானும் விலகிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் போயிட்டா இங்கன யாரு இருப்பா? மலையில இருந்து வாரவனா? அவன் தென்காத்து எது, வாடை எதுன்னு கேட்டுப் புள்ளைகள முழுக அடிச்சிருவான். பேசாம இருங்க."

வந்தவன் மலையிலிருந்துதான் வந்தான். நல்ல பையன். கற்றுக்கொள்கிறான்.

மார்கழி முழுக்க அவள் வேலை தேடினாள். பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு வேறு பட்டம் வேண்டும் என்றார்கள். வனத்துறையில் தீவுகளைச் சுற்றிக்காட்டும் ஆட்களை அவ்வப்போதுதான் எடுப்பார்கள், அப்போது எடுக்கவில்லை. கோவாவில் என் நண்பனிடம் பேசி இடம் பிடித்தேன், அவள் அம்மா விடவில்லை. அவள் அப்பா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் தலையசைப்பார். முன்பு நின்று பேசுவார். கடைசியில், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பள்ளி முகாமில் அவளை எடுத்துக்கொண்டார்கள். கயிறு ஏற்றம், மலைநடை, ஏரியில் படகு.

தை பிறந்து முதல் திங்கட்கிழமை இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். அவள் அம்மா ஒரு பையில் கருவாடு கட்டி வந்திருந்தார். பேருந்தில் நாறும் என்று அவள் வாங்க மறுக்க, பாலித்தீன் உறைக்குமேல் உறையாகப் போட்டு மறுபடி நீட்டினார். வாங்கிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா கீழே நின்று அவளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அங்கன கடலே இல்லையாமே. பின்ன எதுக்கு இவள கடலுக்குன்னு படிக்க வச்சீக?"

அவள்தான் ஜன்னலிலிருந்து சொன்னாள்.

"ஏரி இருக்கும்மா."

"ஏரியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. காத்து கிடையாது, அலை கிடையாது. அதுக்குத்தான் சம்பளம் தாராக."

அம்மா சிரிக்கவில்லை. நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி பின்வாங்கித் திரும்பும்போது அம்மா கூடவே சில அடி நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஏரி என்றாலும் அந்த மிதக்கிற சட்டையைப் போட்டுக்கொள் என்றார்.